கண் மூடிய தொப்பிக்காரர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக்குள் ஒரு குதிரை வரும். அது வருவதற்குள் குளித்து, தலை பின்னி, டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட வேண்டும் என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். அம்மா போட்ட சட்டங்களையெல்லாம் மீறியிருக்கிறேன். இதை ஒருநாளும் மீறியதில்லை.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருக்கும். எனக்கு ஒன்பது வயது. சிவகாசியில் எங்கள் தெருவுக்கு கேபிள் இழுத்தவர் தனக்கென்று ஒரு சேனல் வைத்திருந்தார். ஜவுளிக்கடை விளம்பரமும் யார் யாருக்கோ கல்யாண வாழ்த்தும் போக, மிச்ச நேரத்துக்குக் கையில் கிடைத்த சிடியைப் போட்டுவிடுவார். அப்படி வந்ததுதான் அந்த வெளிநாட்டுத் தொடர். ரொம்பப் பழசு. ஒரு ஆள், ஒரு குதிரை, ஒரு துப்பாக்கி. வாராவாரம் புழுதி பறக்க ஓர் ஊருக்குள் நுழைவார். கெட்டவர்கள் நாலு பேரைச் சுட்டுச் சாய்ப்பார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போய்விடுவார். அவருக்கு ஏதோ நீளமான பெயர் இருந்தது. நாங்கள் தொப்பிக்காரர் என்றே சொன்னோம். எங்கள் அத்தாவும் தொப்பி போடுகிறவர்தான், ஆனால் அது தொழுகைக்குப் போடும் சின்ன வெள்ளைத் தொப்பி. இவருடைய தொப்பியின் நிழலில் ஒரு குடும்பமே ஒதுங்கலாம்.

தொப்பிக்காரர் தமிழ் பேசுவார். அதுவும் எங்கள் தமிழ் டீச்சருக்கே வராத தமிழ். 'என் கடமை முடிந்தது, எனக்கு விடை கொடுங்கள்' என்பார். அவருக்கு வேறு யாரோ குரல் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. வாய் ஒரு மாதிரியும் சொல் ஒரு மாதிரியும் வருவதைக் கவனித்திருந்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து பேசினால் குரல் வந்து சேரக் கொஞ்சம் நேரம் ஆகத்தானே செய்யும் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கமும் சொல்லியிருந்தேன். அவர்களும் நம்பினார்கள்.

அந்த வருடம் பங்குனி வெயிலில்தான் மாமு வந்து இறங்கினார். அம்மாவின் ஒரே தம்பி. எனக்கு நினைவு தெரியும் முன்பே துபாய் போனவர், ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருக்கும்போதே சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். துபாயிலிருந்து வருகிறவர்கள் சாக்லேட்டும் சோப்பும் கொண்டுவருவார்கள் என்று தெருவே காத்திருந்தது. மாமு கொண்டுவந்தது ஒரு சூட்கேசும் ஒரு டேப் ரிக்கார்டரும்தான். எல்லோருக்கும் ஏமாற்றம். எனக்குக் கொஞ்சம் அவமானமும்கூட.

பேச்சு அவரிடம் குறைவு. கேட்டதற்குப் பதில் சொல்வார், அத்தோடு சரி. டிவியில் சிரிப்புக் காட்சி ஓடி வீடே உருண்டுகொண்டிருக்கும்போதும் அவர் சுவரைப் பார்த்தபடி டீயை ஆற்றிக்கொண்டிருப்பார். அம்மா ஒருநாள் அடுத்த வீட்டுக்காரியிடம் அடுப்படியில் வைத்துச் சொன்னது என் காதில் விழுந்தது.

"அங்கன கூட இருந்தவன் ஒருத்தன் மௌத்தாப் போயிட்டானாம். ஒரே ரூமு. அதுல இருந்துதான் இவன் இப்படி இருக்கான்."

கேட்டேன், மறந்தும் போனேன். முகம் தெரியாத ஒருவரின் சாவு ஒன்பது வயதில் அவ்வளவுதான்.

பெரியவர்களின் கவலை வேறாக இருந்தது. மாமுவுக்கு விருதுநகரில் ஒரு பெண்ணைப் பேசி வைத்து இரண்டு வருடமாகிறது. பெண்ணின் அத்தா ஒருநாள் வந்தார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, குரலை உயர்த்தாமல் விஷயத்தைச் சொன்னார். மாப்பிள்ளைக்கு உள்ளூரில் ஒரு நிரந்தர வேலை அமையட்டும், உடனே நிக்காஹ் வைத்துக்கொள்ளலாம். நோன்பு வருவதற்குள் அமையவில்லையென்றால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். அவர் போன பிறகு அம்மா அழுதாள். அத்தா செருப்புக் கடையைத் திறக்கக் கிளம்பினார். மாமு டம்ளர்களை எடுத்துப்போய்க் கழுவி வைத்தார்.

நல்லவேளையாக மாமுவின் கையில் ஒரு தொழில் இருந்தது. துபாய் போவதற்கு முன் ஒரு பிரஸ்ஸில் வெடி டப்பாக்களுக்கு லேபிள் படம் வரைந்துகொண்டிருந்தவர் அவர். மயில், தாமரை, ராக்கெட்டில் உட்கார்ந்த குழந்தை என்று அந்தக் காலத்தில் அவர் வரைந்தவை இன்னும் சில டப்பாக்களில் ஓடிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டர் வந்துவிட்ட காலம்தான். ஆனாலும் அந்த முதலாளிக்கு முகம் என்றால் கையால் வரைந்த முகத்தில்தான் நம்பிக்கை. மாமுவைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். பொம்மைத் துப்பாக்கியில் போட்டுச் சுடும் ரோல் கேப்புக்குப் புது டப்பா. சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்துக் கம்பெனி ஒன்றின் சீசன் ஆர்டர். லேபிள் பிடித்துவிட்டால் மாமுதான் இனி அந்த பிரஸ்ஸுக்கு நிரந்தர ஆர்ட்டிஸ்ட்.

"கேபிள்ல ஒருத்தன் குதிரையில வாரான்ல, புள்ளைக பூராம் அவன் பின்னாலதான் கிறுக்குப் பிடிச்சுத் திரியுதுக. அவனைப் போடு. கையில துப்பாக்கி, மூஞ்சியில கோவம். அம்புட்டுத்தான்" என்றாராம் முதலாளி.

இப்படித்தான் தொப்பிக்காரர் மாமுவின் கல்யாணத்தைத் தீர்மானிக்கிறவரானார். தொப்பிக்காரரைத் தீர்மானிக்கிறவள் நானானேன். வீட்டில் அவரை ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தவள் நான் ஒருத்திதானே. மாமு முதன்முதலாக என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். தாடை எப்படி, புருவம் எப்படி, தொப்பி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று கேட்டார். நான் கோர்ட்டில் சாட்சி சொல்கிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். பாதியில் அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் சூட்கேஸைத் திறந்தார். துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இந்த ஆளா பாரு, மருமகளே."

அவரேதான். அந்தத் தாடை, அந்தத் தொப்பி. கொஞ்சம் வயதாகியிருந்தது. ஆனால் கையில் துப்பாக்கி இல்லை, கிட்டார் இருந்தது. கண்களை மூடி, வாயைப் பாதி திறந்திருந்தார்.

"இவரு எதுக்கு இப்படி நிக்காரு?"

"பாடுறாரு."

ஓர் ஊரையே நடுங்க வைக்கிறவர் பாடுவாரா? பாடினால் எப்படிப் பாடுவார்? எங்கள் அத்தா செருப்பு விற்பார், எதிர்வீட்டுக்காரர் லாரி ஓட்டுவார், டீச்சர் பாடம் நடத்துவார். ஒரு ஆளுக்கு ஒரு வேலை என்பதுதான் நான் பார்த்த உலகம். நாலு பேரைச் சுட்டுவிட்டு வந்து கண்ணை மூடிப் பாடுகிற ஒருவர் உலகத்தில் இருக்கிறார் என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை. அந்தக் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அன்றைக்கு மாமு பேசியதைப் போல, எங்கள் வீட்டில் இருந்த நான்கு மாதத்தில் வேறு என்றைக்கும் பேசவில்லை. கேசட் அவருடையது இல்லையாம், துபாயில் கூட இருந்த, மாமுவிடம் நாலு சொல் தமிழும் பழகிக்கொண்ட பிலிப்பைன்ஸ்காரர் ஒருவருடையதாம். அந்த ஊர்க்காரர்களுக்கு இந்த மாதிரிப் பாட்டு என்றால் உயிர் என்றார். குதிரை, மழை, நெடுஞ்சாலை, விட்டுவிட்டு வந்த வீடு, இவற்றைச் சுற்றியேதான் பாட்டு முழுக்க இருக்குமாம். தொப்பிக்காரர் ஷூட்டிங் இல்லாத நாட்களில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு சின்னச் சின்ன ஊர்களுக்குப் பாடப் போவாராம். கூட்டம் அள்ளும். ஆனால் பாட்டுக்காக இல்லை. பாதிப் பாட்டில் எவனாவது 'துப்பாக்கிய எடு' என்று கத்துவானாம். உடனே எல்லோரும் கத்துவார்களாம். அவர் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்து விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவாராம். கைதட்டி ஓய்ந்ததும் விட்ட அடியிலிருந்து மறுபடி பாடுவாராம்.

"கோவம் வராதா மாமு?"

"வரும். ஆனாலும் பாடி முடிச்சிட்டுத்தான் இறங்குவாராம். அந்தப் பிலிப்பைன்ஸ்காரன்தான் சொல்லுவான்" என்றார் மாமு.

மாமு வரையும்போது கேசட் ஓடும். முதல் பக்கத்தில் வாத்தியம் நிறைய, குரல் கனமாக இருக்கும். திருப்பிப் போட்டால் அடுத்த பக்கம் வேறு மாதிரி. ஒற்றைக் கிட்டார், பின்னால் ஒரு ஃபேன் கடகடவென்று ஓடும் சத்தம். குரல் மெலிந்து, மேலே போகும் இடங்களில் லேசாக உடையும். எனக்கு இரண்டாம் பக்கம்தான் பிடித்தது. தொப்பிக்காரர் முதல் பக்கத்தைக் கூட்டத்துக்கும் இரண்டாம் பக்கத்தை வீட்டிலிருந்து தனக்காகவும் பாடியிருக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் அந்தப் பாட்டு ஓடும்போது அம்மா கூப்பிட்டால்கூட எழுந்துபோக மனம் வராது. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு முடியும் தறுவாயில் மாமு பிரஷ்ஷை வைத்துவிட்டு, எட்டி நிறுத்திவிடுவார். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தபோது கேசட்டைத் தொட்டேன். தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்றாலும் தொடக் கூடாது என்று எனக்குத் தெரியும். மேல் விளிம்பில் ஒரு சின்ன ஓட்டையை செலோ டேப் ஒட்டி மூடியிருந்தார்கள். உடைந்துபோயிருக்கிறது, நான்தான் உடைத்தேன் என்று ஆகிவிடக் கூடாதே என்று பயந்துகொண்டே போட்டேன். கடைசிப் பாட்டு முடிந்தது. யாரும் நிறுத்தவில்லை. ஃபேன் ஓடியது. அப்புறம் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்:

"ஏலே, அம்புட்டுத்தானா? இன்னொண்ணு பாடுலே!"

"செரி மாப்ளே" என்றது பாடிய குரல். தொடர்ந்து இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். டேப் முடிந்து பட்டன் டக்கென்று எழும்பியது.

எனக்கு அதில் எந்த ஆச்சரியமும் இல்லை என்பதுதான் இன்றைக்கு எனக்கு ஆச்சரியம். தொப்பிக்காரருக்குத் தமிழ் தெரியும், வாராவாரம் கேட்கிறேனே. டிவியில் அவ்வளவு சுத்தமாகப் பேசுகிறவர் இதில் கொஞ்சம் கொச்சையாகப் பேசுகிறார், பாடிக் களைத்திருப்பார், பாவம். கூட இருப்பவர் அவருடைய சிநேகிதராக இருக்கும், எங்கள் பக்கத்து ஆள் போலிருக்கிறது. அவருடைய சிரிப்புகூட நன்றாகத்தான் இருந்தது. யாருக்கும் தெரியாமல் தொட்ட குற்றம் வெளியே வந்துவிடும் என்பதால் இதை நான் யாரிடமும் கேட்கவில்லை.

லேபிள் வளர்ந்துகொண்டிருந்தது. பின்னால் செக்கச் சிவந்த வானம், கால் தூக்கிய குதிரை, துப்பாக்கி வாயில் மஞ்சள் நெருப்பு. எல்லாம் பிரமாதமாக வந்தன. முகம் மட்டும் வரவில்லை. கண்ணைத் திறந்து வரைவார். தள்ளி வைத்துப் பார்ப்பார். என்னைக் கூப்பிடுவார். நான் உதட்டைப் பிதுக்குவேன். வெள்ளை பூசி அழித்துவிட்டு மறுபடி வரைவார். நாலைந்து தடவை இப்படி ஆனது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தபோது கண்கள் மூடியிருந்தன. கேசட்டில் இருந்த முகமும் அச்சாக அது இல்லை. மூக்கு கொஞ்சம் சப்பை, கன்னம் உருண்டை, மேலுதட்டுக்கு மேல் ஒரு மச்சம். ஆனால் எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ஃபேன் ஓடும் அந்தப் பாட்டுக்கு முகம் இருந்தால் இப்படித்தான் இருக்கும்.

"இவருதான் மாமு. இப்படியே விட்டிருங்க" என்றேன்.

மாமு என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டார்.

மாமு படத்தைக் கொண்டுபோன அன்று முதலாளிக்கு மூச்சுவிட நேரமில்லை. தொப்பியைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார், கலரைப் பார்த்தார். அருமை என்று சொல்லி மெஷினுக்கு அனுப்பிவிட்டார். அம்மா அன்றைக்கே விருதுநகருக்கு போன் போட்டாள். எனக்குப் பச்சைப் பாவாடையா ஊதாப் பாவாடையா என்ற விவாதம்கூட நடந்தது. நாலு நாள் கழித்து, மாதிரிக்கு ஒட்டிய டப்பா அச்சங்குளத்திலிருந்து திரும்பி வந்தது. கம்பெனிக்காரரின் சின்ன மகன் அதைப் பார்த்துவிட்டு, 'இவரு ஏம்ப்பா தூங்கிக்கிட்டே சுடுறாரு' என்று கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகுதான் பெரியவர்களுக்குக் கண் தெரிந்தது.

முதலாளி கோபக்காரர் இல்லை. படத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார்.

"ஒண்ணும் கெட்டுப்போகலப்பா. ரெண்டு புள்ளி வச்சுக் கண்ணைத் திறந்து விட்டிரு. காலையில மெஷின்ல ஏத்திருவோம்" என்றார்.

மாமு படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கறுப்பு மையும் மெல்லிய பிரஷ்ஷும் பக்கத்திலேயே இருந்தன. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பிரஷ்ஷை எடுத்தார், மையில் தொட்டார், படத்துக்கு மேலே கொண்டுபோனார். அங்கேயே கை நின்றுவிட்டது. பிறகு பிரஷ்ஷைத் துடைத்து வைத்துவிட்டார்.

"என்னால முடியல அண்ணாச்சி."

முதலாளி திகைத்துப் போனார். பிறகு அவருக்கு ஏதோ விளங்கியது போல முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, மரியாதையாகக் கேட்டார்.

"ஒங்க மார்க்கத்துல கண்ணு வைக்கக் கூடாதோ? அப்படின்னா முதல்லயே சொல்லியிருக்கலாம்லப்பா. நாங்களும் கோயில்ல சாமிக்குக் கண்ணைக் கடைசியாத்தான் திறப்போம். அது சாதாரண விசயம் இல்ல."

முன்பு நூறு லேபிளுக்குக் கண் வைத்தவர் மாமு. மயிலின் தோகைக்கே வைத்திருக்கிறார். அத்தா அதைச் சொல்ல வாயெடுத்தார். மாமு தலையை மட்டும் அசைத்தார், ஆமாம் என்பதுபோல. முதலாளி எழுந்து அவர் தோளைத் தட்டினார். மார்க்கத்தை மீறி வேலை வாங்குகிற ஆள் நான் இல்லை என்றார். ஆனால் கண் வரையாத ஆர்ட்டிஸ்ட்டை வைத்துக்கொண்டு வெடி லேபிள் போட முடியாது என்பதையும், ரொம்ப வருத்தத்தோடு, வாசலில் வைத்து அத்தாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா கதறிவிட்டாள். "ரெண்டு புள்ளி! ரெண்டே ரெண்டு புள்ளி வைக்கிறதுக்கு ஒனக்கு என்னலே வந்துச்சு?" மாமு மைப் புட்டியை மூடி எடுத்து வைத்தார். தெருவில் மட்டும் அவருக்குத் திடீரென்று பெரிய மரியாதை வந்துவிட்டது. தீனுக்காக, மார்க்கத்துக்காக வேலையையே விட்ட பிள்ளை என்று பள்ளிவாசலில் பேசிக்கொண்டார்கள். விருதுநகர்க்காரர்களுக்கு அந்த மரியாதை போதுமானதாக இல்லை. நோன்பு வருவதற்குள் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது.

இப்படியே விட்டிருங்க என்று சொன்னவள் நான்தானே. மாமு மறுபடி விசா எடுத்துக் கிளம்பும் நாளில், சூட்கேஸைக் கட்டிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் போய் நின்று, எல்லாம் என்னால்தான் என்று சொல்லி அழுதேன்.

அவர் என் கண்ணைத் துடைத்துவிட்டார். "நீ சொன்னது சரிதான் மருமகளே. நீ ஒருத்திதான் சரியாச் சொன்ன" என்றார். பிறகு கேசட்டை என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

அந்தத் தீபாவளிக்கு ரோல் கேப் டப்பா கடைக்கு வந்தது. வேறு யாரோ இரண்டு புள்ளி வைத்துவிட்டார்கள். தொப்பிக்காரர் கண்ணை முட்ட முட்ட முழித்துக்கொண்டு சுட்டார். டப்பா நன்றாகத்தான் விற்றது. எனக்கு அதில் யாரையும் அடையாளம் தெரியவில்லை.

கேசட் என்னோடே வளர்ந்தது. போட டேப் ரிக்கார்டர் இல்லை, அதை மாமு கையோடு எடுத்துப் போயிருந்தார். துபாய் போய், கத்தார் போய், நாற்பதை நெருங்கும்போது கல்யாணம் செய்துகொண்டார். இப்போதும் பேச்சு குறைவுதான். போன வருடம் பழைய கேசட்டுகளைப் போனில் ஏற்றிக் கொடுக்கும் ஒரு கடையில் இதைக் கொடுத்தேன். கடைக்காரர் கேசட்டைத் திருப்பிப் பார்த்து, மேல் விளிம்பு ஓட்டையில் ஒட்டியிருந்த செலோ டேப்பைக் காட்டினார். கம்பெனிக் கேசட்டின் மேல் வேறு ஏதாவது பதிவு செய்ய வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் இப்படி ஒட்டுவார்களாம். "ரெண்டாவது பக்கத்துல யாரோ வீட்டுல வச்சுப் பாடியிருக்காங்கம்மா" என்றார்.

பஸ் ஆமத்தூரைத் தாண்டும்போது காதில் மாட்டிக் கேட்டேன். முதல் பக்கம் தொப்பிக்காரர். எனக்கு இப்போது அவர் மொழி புரிகிறது. வீட்டுக்குத் திரும்பும் பாட்டுகள்தான், நன்றாகவே பாடியிருக்கிறார். இரண்டாம் பக்கத்தில் அதே பாட்டுகளை, ஒற்றைக் கிட்டாரில், ஃபேன் ஓடும் ஓர் அறைக்குள் இன்னொருவர் பாடினார். சப்பை மூக்கும் உருண்டைக் கன்னமும் மேலுதட்டுக்கு மேல் மச்சமும் உள்ள ஒருவர். மாமுவோடு ஒரே அறையில் இருந்து மௌத்தாகிப் போன அந்தப் பிலிப்பைன்ஸ்காரர். அந்தக் கண்களைத் திறக்கச் சொல்லித்தான் ஒரு வீடே மாமுவைச் சுற்றி நின்றிருக்கிறோம்.

கடைசிப் பாட்டு முடிந்தது. அந்தச் சிரிப்பு வந்தது. "ஏலே, அம்புட்டுத்தானா? இன்னொண்ணு பாடுலே!"

மாமுவின் குரல். நான்கு மாதம் ஒரே வீட்டில் இருந்து நான் தினமும் கேட்ட குரல்தான் அது. அன்றைக்கு அதை யாரோ ஒரு சிநேகிதர் என்று நினைத்துவிட்டேன். மாமு சிரித்து நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.